வெள்ளிக்கிழமைக் கோழி

குணமணியின் பேட்டுக்கோழி செத்த அன்று திருகோணமலையில் மழை பெய்துகொண்டிருந்தது... சும்மா மழை இல்லை. அந்த மாரியில் உட்துறைமுக வீதி வாய்க்கால் வழியாக ஒரு கொடுவா மீன் ஏறி வந்து, தபால் கந்தோர் வாசலில் நின்றதை ஊரே பார்த்தது. முத்திரை வாங்க வந்தது என்று சிலர் சொல்லுவார்கள். அது மிகை. மழைக்கு ஒதுங்கத்தான் வந்தது.

கோழியைக் கொன்றது பாக்கியரத்தினத்தின் சைக்கிள்.

பாக்கியரத்தினம் துறைமுகத்தில் கிளாக்கர். சண்டைக் காலம். கடலில் ஏதோ வெடித்ததென்று திடீரென ஊரடங்குச் சட்டம் போட்டதில், வேலைக்குப் போனவன் போன இடத்திலேயே அடைபட்டுப் போனான். மேசைக்கு மேலே படுத்து, பிஸ்கற்றும் வெறுந்தேத்தண்ணியுமாக, பகல் எது இரவு எது என்று தெரியாமல் கிடந்தான். அன்று மத்தியானம் சட்டத்தைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் போதும் என்று சைக்கிளில் ஏறிப் பறந்தவன், ஒழுங்கை முடக்கில் திரும்பினான்... முன்சில்லுக்குள் ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்தக் கோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹெலிகொப்டர் வருகிறதென்றால் ஒழுங்கையில் முதலில் கட்டிலுக்குக் கீழே போவது அதுதான். சத்தம் மனிசர் காதுக்கு எட்ட முன்னமே போய்விடும். அதனால் அந்தப் பக்கத்துச் சனம் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோழியைப் பார்த்துத்தான் நடமாடியது. அப்பேர்ப்பட்ட கோழி கடைசியில் ஒரு றலி சைக்கிளில் போய் முடிந்தது.

"கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு ஓடுறியள்?"

குரல் வந்த பக்கம் நிமிர்ந்தான். படலையடியில் ஒரு பெண். தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தாள். இமையில் மழைத்துளிகள் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு உள்ளே இரண்டு கண்கள்... கோபத்தில் இருந்தன. கோபத்திலேயே இப்படியென்றால், சிரித்தால் எப்படி இருக்கும் என்று அவன் புத்தி கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி... மழையிலை தெரியேல்லை..."

"தங்கச்சியோ? எந்த அண்ணன் தங்கச்சியின்ரை கோழியைக் கொல்லுறவன்?"

அவனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோழிக்காக இல்லை... அவசரப்பட்டுத் தங்கச்சி என்று சொன்னதுக்காக.

"நான் வேறை கோழி வாங்கித் தாறன்."

"ஹெலி வாறதை அது சொல்லுமோ?"

அதற்குள் சோதனைச்சாவடிப் பக்கம் படபடவென்று வெடிச்சத்தம். விசில் ஊதியது. கதவுகள் சாத்திக்கொண்டன. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, அவனை ஒரு கையிலும் கோழியை மறு கையிலும் பிடித்து உள்ளே இழுத்தார். சைக்கிளைக் குணமணி இழுத்தாள். இழுத்த வேகத்தில் பெல் அடித்தது... கோபத்தோடு.

பெரியவர் மூத்ததம்பி, அவளுடைய அப்பா. வெருகல் கரையில் வலை போட்டவர். ஊரில் இருக்க ஏலாமல் மகளோடு இடம்பெயர்ந்து வந்து, இந்த ஒழுங்கையில் வாடகைக்கு ஒரு அறையும் குசினியுமாக இருந்தார். கடலுக்குப் போகத் தடை. ஆனபடியால் கதிரையில் இருந்தபடியே மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கதையில் வருகிற சுறாக்கள் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டு வந்தன.

"இருங்கோ தம்பி. றோட்டைப் பூட்டிப்போட்டான். இனி எப்ப திறப்பானோ... கோழியும் செத்துப்போச்சு, நீங்களும் வந்திட்டியள். பிள்ளை, சமையன்!"

"எதிலை சமைக்கிறது அப்பா? விறகு முழுக்க ஈரம். தேங்காய் கண்டு கனகாலம். அடுப்பிலை மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக் கிடக்கு. கோழிக்கறி அவியமுன்னம் அது அணைஞ்சுபோகும்."

"அப்ப கெதியா அவியிற மாதிரி ஒண்டு செய்யன்."

பாக்கியரத்தினம் குசினி வாசலில் ஈரச் சேட்டோடு நின்றான். உள்ளே போகவும் கூச்சம், போகாமல் நிற்கவும் ஏலாது. அவள் கோழியை உரித்து, எலும்பை நீக்கி, இறைச்சியைக் கடதாசி மாதிரி மெல்லிசாக வெட்டினாள். கத்தி போகிற வேகத்தைப் பார்த்தால் அடுத்தது தான்தான் என்று அவனுக்குப் பட்டது.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா எட்டிப் பார்த்தாள். மூதூர்க்காரி. கையில் இரண்டு தோடம்பழம்.

"இந்தா புள்ள, கொஞ்சம் வாடிப் போச்சு. வெச்சுக்க. கோழியா அது?"

"ஓம் அக்கா. உங்களுக்கும் தாறன்."

"அறுக்கக்குள்ள சைக்கிள் பிஸ்மி சொன்னிச்சா? இல்லத்தானே? எங்களுக்கு வேணாம். மணத்த மட்டும் இந்தப் பக்கம் அனுப்பு."

குணமணி சிரித்தாள். பாக்கியரத்தினம் பார்த்துவிட்டான். அந்தக் கேட்கக்கூடாத கேள்விக்கு விடை வந்துவிட்டது... இனி ஊரடங்கை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தான்.

இறைச்சியில் உப்பு, மஞ்சள், இடித்த மிளகு பிரட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள்.

"அப்பா, இண்டைக்கு என்ன கிழமை?"

மூத்ததம்பி கலண்டரைப் பார்த்தார். அதில் செவ்வாய் என்று இருந்தது. ஊரடங்கு போட்ட அன்று கிழித்தது. பிறகு ஒருவரும் கை வைக்கவில்லை.

"செவ்வாய் பூட்டினவன். ஒருக்கால் படுத்தம், எழும்பினம். பிறகும் படுத்தம், எழும்பினம். வியாழன்!"

"பகலிலையும் படுத்தனீங்கள்."

"அதைக் கழிச்சுத்தான் சொல்லுறன்."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"எனக்குத் தெரியேல்லை. துறைமுகத்துக்குள்ளை கிடந்ததிலை கிழமை எல்லாம் குழம்பிப்போச்சு..." அவன் தயங்கினான். "வெள்ளி மட்டும் நான் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. போன வருசம் சுற்றிவளைப்பிலை என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். நான் திரும்பி வந்தால், வெள்ளிக்கிழமையளிலை மச்சம் காட்டமாட்டன் எண்டு அம்மா வெருகல் முருகனுக்கு நேர்ந்தவ. வந்திட்டன்."

குணமணி முதல் தடவையாக அவனை முழுசாகப் பார்த்தாள். "எங்கடை ஊர் முருகனிட்டையோ?"

"ஓம்."

"அப்ப எங்களாலைதான் வந்திருக்கிறியள்." கொஞ்சம் பொறுத்து, "வந்து என்ரை கோழியைக் கொண்டுபோட்டியள்" என்றாள். ஆனால் குரலில் இப்போது முள் இல்லை.

மண்ணெண்ணெய் அடுப்பு நீலமாக எரிந்தது. தாச்சியில் எண்ணெய் காய, இறைச்சித் துண்டுகள் விழுந்து சீறின. ஒரு பக்கம் பொன்னிறமாகியதும் புரட்டினாள். மறு பக்கமும் நிறம் பிடித்ததும் எடுத்துக் கோப்பையில் வைத்தாள். தாச்சியின் அடியில் மிளகும் இறைச்சிச் சாறும் ஒட்டிக் கறுத்துக் கிடந்தன. அடுப்பு ஒருமுறை விக்கியது. அவள் அவசரமாகத் தோடம்பழத்தைப் பிழிந்தாள், அதன் மேல் ஒரு தேசிக்காயையும். சர்ரென்று ஆவி எழும்பியது. ஒட்டினதையெல்லாம் கரண்டியால் சுரண்டி, ஒரு கிள்ளுச் சீனி போட்டு, குழம்பு பளபளவென்று திரண்டு வர, இறைச்சியை மறுபடி அதற்குள் போட்டு ஒரே ஒரு பிரட்டு... அடுப்பு அணைந்தது. சமையலும் முடிந்தது. அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு செய்த ஒரே நல்ல காரியம் அது.

மணம் குசினியை விட்டு வெளிக்கிட்டது. ஊரடங்கை அது மதிக்கவில்லை. ஒழுங்கையால் போய், வீதியைக் கடந்து, சாவடியில் நின்ற ஆமிக்காரனின் மூக்கில் ஏறியது. அவன் துவக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டை நினைத்து அழுதானாம்.

அந்த நேரம்தான் வேலிப் பக்கம் பின்வழியால் நஜ்முன் நிஸாவின் புருசன் அபூதாஹிர் வந்தார். வெள்ளைத் தொப்பி நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது.

"பள்ளியில மாட்டுப்பட்டுட்டன், நஜ்முன். ஜும்மாக்கு இண்டைக்கு ஆள் கொஞ்சம்தான். பாதியில வெடி..."

ஜும்மா.

வெள்ளிக்கிழமை! பாக்கியரத்தினம் திடுக்கிட்டுக் குணமணியைப் பார்த்தான். அவள் குனிந்து தாச்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், கறகறவென்று. அவளுக்குக் கேட்டிருக்காது. இப்போது சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும்.

அவள் நிமிர்ந்து கோப்பையை நீட்டினாள். அடுப்புச் சூட்டில் கன்னம் சிவந்திருந்தது. நெற்றியில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டுப் பாருங்கோ... உப்புக் காணுமோ தெரியேல்லை."

முருகா, இந்த ஒருக்கால் மட்டும் மற்றப் பக்கம் பார்...

சாப்பிட்டான். முதலில் மிளகு சுட்டது. பிறகு புளிப்பு, புளிப்புக்குப் பின்னால் தோடம்பழத்தின் இனிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் கசப்பு. அவள் பேச்சு மாதிரியே இருந்தது.

"எப்பிடி?"

"கோழியை இன்னொருக்கால் கொல்லலாம் போலை கிடக்கு."

"பெரிய கதைகாரன்தான்," என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு வைத்தாள்.

பொழுது சாய முன்னம் றோட்டைத் திறந்தார்கள். மழையும் விட்டிருந்தது. அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். படலையடியில் அவள் நிற்கிறாள் என்று தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வீட்டுக்குப் போய்ச் சேரமாட்டான் என்று பயம்.

வீட்டில் அம்மா அன்னலட்சுமி அவனைக் கட்டிப் பிடித்து அழுதாள். அழுகை பாதியில் நின்றது. சேட்டை மணந்தாள்.

"டேய்... கோழி."

அந்த மணம் அப்படிப்பட்டது. ஈரச் சேட்டிலும் பிடித்து நின்றது. சாமியறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்னலட்சுமிக்கு நாள் பிசகாது. ஊரடங்கு என்ன, உலகமே அழிந்தாலும் வெள்ளிக்கு வெள்ளி விளக்கு ஏறும்.

"வெள்ளிக்கிழமையடா! உன்ரை உயிருக்கெண்டு நேர்ந்த நேத்தியடா..." அவள் கை நடுங்கியது. கோபத்தால் இல்லை, பயத்தால். அவனைக் கொண்டுபோன அன்று நடுங்கிய அதே நடுக்கம்.

அந்தக் கையைப் பார்த்ததும் பாக்கியரத்தினம் சொல்ல வந்ததை மாற்றினான். தெரிந்துதான் சாப்பிட்டேன் என்று சொன்னால் அம்மா அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள்.

"எனக்குத் தெரியாதம்மா... அந்த வீட்டிலை வியாழன் எண்டு சொல்லிச்சினம்."

நெஞ்சறிந்த பொய். சொன்ன உடனேயே கசந்தது.

அடுத்த நாள் அன்னலட்சுமி விசாரித்துக்கொண்டு அந்த ஒழுங்கைக்குப் போனாள். வேலியோரம் சனம் கூடியது.

"விரதக்காரப் பொடியனை ஏமாத்தி, வெள்ளிக்கிழமை கோழி தீத்தியிருக்கிறியளே! உங்கடை ஊரிலை நாள், கோள் ஒண்டும் இல்லையோ?"

மூத்ததம்பி வாயைத் திறக்கப் போனார். குணமணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கடை பிழைதான் அம்மா," என்றாள்.

பாக்கியரத்தினம் இதைக் கேள்விப்பட்டதும் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். சந்தையில் நல்ல பேட்டுக்கோழி ஒன்று வாங்கிக்கொண்டு ஒழுங்கைக்குப் போனான். அவள் வெளியே வரவில்லை. கோழி நஜ்முன் நிஸாவின் கையில் திரும்பி வந்தது.

"தம்பி, இந்தக் கோழிக்குக் கிழமை தெரியுமா எண்டு கேக்கச் சொல்லிச்சு அந்தப் புள்ள."

மாரி முழுக்க அவன் அந்த ஒழுங்கையால் போனான், வந்தான். தேவையில்லாத இடத்தில் பெல் அடித்தான். குசினிப் பக்கம் தாச்சிச் சத்தம் மட்டும் கேட்கும். தினமும் உண்மையைச் சொல்லவென்று அம்மாவின் முன்னால் போய் நிற்பான். அவள் அவன் நெற்றியில் திருநீறு பூசுவாள்... வந்த சொல் உள்ளே போய்விடும். அவன் பயந்தது அம்மாவின் நடுக்கத்துக்கா, தன் மானம் போவதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

மழைக்காலம் முடிகிற நேரம் சண்டையும் கொஞ்சம் ஓய்ந்தது. வெருகல் பக்கம் திரும்பிப் போகலாம் என்றார்கள். முருகனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டால்தான் நெஞ்சு ஆறும் என்று அன்னலட்சுமி தேங்காயும் கற்பூரமுமாக வெளிக்கிட்டாள். வெருகலுக்கு வழியான மூதூர் லோஞ்சுப் படகுக்கு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாக்கியரத்தினம் இறங்குதுறைக்கு வந்தான்.

பை சோதிக்கிற வரிசை நீளமாக இருந்தது. அதில் முன்னுக்கு, ஒரு தகரப் பெட்டியும் சுருட்டின பாயுமாக... மூத்ததம்பி. பக்கத்தில் குணமணி. அவள் கையில் வெறும் தாச்சி.

ஊருக்குப் போகிறார்கள். திரும்பி வரமாட்டார்கள்.

தூறத் தொடங்கியது. அவள் திரும்பினாள். அந்த இமைகளில் மறுபடி துளிகள்... மழையா, இல்லையா என்று இம்முறை சொல்ல ஏலாது. அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதுதானே அந்தப் பெட்டை?" அன்னலட்சுமி முணுமுணுத்தாள். "முருகனுக்கு முன்னாலையும் இதுகளின்ரை முகத்திலைதான் முழிக்க வேணுமோ?"

"அம்மா." சைக்கிளை அப்படியே விழவிட்டான். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு வெள்ளி எண்டு எனக்குத் தெரியும். அபூதாஹிர் காக்கா ஜும்மாக்குப் போய் வந்து சொன்னதைக் கேட்டனான். கோப்பையைத் தொட முன்னமே கேட்டனான். அவையள் ஏமாத்தேல்லை. நான்தான் உங்களிட்டைப் பொய் சொன்னனான்."

வரிசை முழுக்கத் திரும்பியது. பை சோதித்த நேவிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கையை நிறுத்திவிட்டான்.

அன்னலட்சுமி அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "தெரிஞ்சுமோ? நான் அழுது கேட்டு வாங்கின உயிரடா... தெரிஞ்சும் ஏனடா சாப்பிட்டனீ?"

அவன் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

"குணமணி தந்தது அம்மா. வேண்டாம் எண்டு சொல்ல ஏலாமல் போச்சு... இனியும் ஏலாது."

அவள் பெயரை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. தாச்சி நழுவி நிலத்தில் விழுந்து, கோயில் மணி மாதிரி நின்று அதிர்ந்தது.

அன்னலட்சுமி மகனை விட்டுவிட்டு மெல்ல நடந்து அவளிடம் போனாள்.

"பிள்ளை, நான் வந்து ஏசேக்கை ஏன் மறுத்துப் பேசாமல் நிண்டனீ? உனக்கும் தெரியுமோ?"

குணமணி நிலத்தைப் பார்த்தாள். "ஓம் அம்மா... காக்கா சொன்னது எனக்கும் கேட்டது. அதுதான் தாச்சியைச் சத்தமாய்ச் சுரண்டினனான். அவருக்குக் கேக்கக்கூடாதெண்டு."

பாக்கியரத்தினம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அடி பாவி! ஏன்?" என்றாள் அன்னலட்சுமி.

"அவருக்குக் கேட்டால் சாப்பிடாமல் இருந்திடுவார் எண்டு பயம். திரும்ப எங்கடை வீட்டிலை அவர் சாப்பிட வருவாரோ இல்லையோ எண்டும்..." குரல் அடங்கிப் போனது. "தெரியாமல் சாப்பிட்டால் பாவம் எனக்குத்தானே. அது வரட்டும் எண்டு விட்டிட்டன்."

அன்னலட்சுமி குனிந்து தாச்சியை எடுத்து, முந்தானையால் துடைத்து, தன் பைக்குள் வைத்தாள்.

"ஒருத்தனுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வெளிக்கிட்டனான். இப்ப ரெண்டு பேருக்கும் கேக்க வேண்டிக் கிடக்கு. வா. நீயும் வந்து பக்கத்திலை நிண்டு கேள். தேங்காய் ஒண்டுதான் கொண்டந்தனான்... காணாது."

லோஞ்சு வெளிக்கிட்டது. அவனுக்குப் போக அனுமதி இல்லை; விழுந்த சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு துறையில் நின்றான். அம்மாவும் அவளும் ஒரே பலகையில், ஒரே குடைக்குள். என்ன கதைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. தூரம் கூடிக்கொண்டே போனது... திடீரென்று இயந்திரச் சத்தத்துக்கு மேலால் அன்னலட்சுமி எழும்பி நின்று கத்தினாள்.

"டேய்! தேசிப்புளி மட்டுமில்லையாமடா! தோடம்பழமும் விட்டவளாம்!"

குணமணி குடைக்குள் முகத்தை மறைத்தாள். ஆனால் கண்கள் மறையவில்லை. அவ்வளவு தூரத்திலும் அவனுக்குத் தெரிந்தது... சிரித்தன.

இப்போது பாக்கியரத்தினமும் குணமணியும் குடும்பமாக இருப்பது அதே ஒழுங்கையில், அதே வீட்டில். வாடகை வீடு சொந்த வீடாகிவிட்டது. அன்று போட்டிருந்த சேட்டு அலுமாரியில் இருக்கிறது. கதவைத் திறந்தால் இப்போதும் மிளகும் தோடம்பழமும் மணக்கும். நம்பாதவர்கள் போய் மணந்து பார்க்கலாம். வெள்ளிகளில் அந்த வீட்டில் மச்சம் இல்லை. அன்றைக்குப் பிறகு ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. வியாழன்களில்தான் தாச்சி ஏறும். காஸ் அடுப்பு, அணையாது. ஆனாலும் குணமணி அவசரமாகத்தான் பிழிவாள்.

அவள் தாச்சியை வைக்க முன்னம் பாக்கியரத்தினம் முற்றத்துக்கு வந்து, பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பான். "காக்கா, இண்டைக்கு ஜும்மா இல்லைத்தானே?"

வேலி மதிலாகி எத்தனையோ காலம். அபூதாஹிர் காக்காவும் இல்லை, சுனாமிக்கு முந்தின வருசமே மவுத்தாகிப் போனார். ஆனாலும் கேட்பான். கொஞ்ச நேரம் பொறுத்து, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நஜ்முன் நிஸாவின் தளர்ந்த குரல் வரும்.

"இல்ல தம்பி... சமைங்க. மணத்த மட்டும் அனுப்புங்க."